குருவின் போர்வையில் தைல வாசனை

பல்வீர்: கிச்சன் கதவ சாத்து, சாத்து! மெதுவா பேசு.

தயாபரன்: சாத்திப்போட்டன் அண்ணை. என்னத்துக்கு என்னைக் குசினிக்குள்ளை இழுத்துக்கொண்டு வந்தனியள்? சேட்டுக் கிழியப் போகுது.

பல்வீர்: கிழியட்டும். ஜெனீவாலேருந்து வந்திருக்காரே கர்த்தார் சிங், அவர் இப்ப என்ன கேட்டார்னு புரிஞ்சுதா உனக்கு?

தயாபரன்: பஞ்சாபியிலை கேட்டால் எனக்கு என்னெண்டு விளங்கும்? உங்களைப்போலை மெட்ராஸிலை வளந்து தமிழ் கதைக்கிறவரோ அவர்? உங்கட குருவுக்கு முன்னாலை நெத்தி நிலத்திலை முட்ட விழுந்து கும்பிட்டார். எழும்பேக்கை மூக்கை உறிஞ்சினார். பிறகு உங்களை ஒரு பார்வை பாத்தார்... நீங்கள் வெளிறிப் போனியள்.

பல்வீர்: "இந்த ரஜாய்ல தைல வாசன அடிக்குதே, யாருது?"ன்னு கேட்டார்.

தயாபரன்: ரஜாயோ?

பல்வீர்: பஞ்சு வெச்ச போர்வய்யா. குருவுக்குப் போத்தறது. மஞ்சக் கலர்.

தயாபரன்: ஓ... அதுவோ.

பல்வீர்: அதுவோவா? என்னா அதுவோ?

தயாபரன்: ஒண்டுமில்லை. ஒரு புத்தகத்திலை தைலம் மணந்தால் என்ன அண்ணை—

பல்வீர்: புத்தகம்னு சொல்லாத! எத்தன வாட்டி சொல்றது? அது கிரந்த சாஹிப். சீக்கியர் எங்களுக்கு அதான் குரு. உசுரோட ஒரு பெரியவர் வீட்ல இருக்கற மாதிரி. காலைல எழுப்பறோம், ராத்திரி படுக்க வெக்கறோம், குளிருக்குப் போத்தறோம்.

தயாபரன்: எனக்குத் தெரியாதோ? நீங்கள் அறை தந்த நாளிலையிருந்து அவற்ற அறையிலைதானே நான் படுக்கிறன். கம்பளித் தொப்பி கழட்டினதில்லை. கால் அவற்ற பக்கம் நீட்டக்கூடாது எண்டு முழங்காலை மடக்கிக்கொண்டு படுத்துப் படுத்து, இப்ப நிமிரேலாது. குனிஞ்சபடி வேலைக்குப் போறன். முதலாளி, தமிழர் சரியான பணிவு எண்டு எல்லாருக்கும் சொல்லித் திரியிறான்.

பல்வீர்: சிரிப்பு மூட்டாதய்யா. நீ அந்த ரூம்ல படுக்கறதே கர்த்தார் சிங்குக்குத் தெரியாது.

தயாபரன்: அப்ப என்ர மெத்தை?

பல்வீர்: பால்கனில.

தயாபரன்: வெளியிலை மழை அண்ணை!

பல்வீர்: மெத்த காஞ்சிடும். கேளு. குருவ வெச்சிருக்கற வீட்லலாம் சரியா பாத்துக்கறாங்களான்னு பாக்கறவர் அவர். போன மாசம் பெர்ன்ல ஒரு வீட்டுக்குப் போயிருக்கார். குரு இருந்த ரூம்ல டிவி வெச்சிருந்தாங்க. குருவ அப்படியே தலைல தூக்கி வெச்சுக்கிட்டு ரயிலேறி ஜெனீவா போயிட்டார். அந்தம்மா இன்னும் அழுவுது.

தயாபரன்: டிவிக்கே அப்பிடி எண்டால்...

பல்வீர்: அதத்தான் சொல்றேன். குருவோட போர்வய எடுத்து ஒரு ஆளு போத்திக்கிட்டிருக்கான்னு தெரிஞ்சா? இந்த வீட்ல இனிமே குரு இருக்க மாட்டார். என் பொண்டாட்டி குல்வந்த் தாங்க மாட்டா.

தயாபரன்: குல்வந்த் அக்காவோ... ஓம். அவ தாங்க மாட்டா.

பல்வீர்: ஹீட்டர் ரிப்பேர் பண்ண வந்த வெள்ளக்காரன் ஞாபகம் இருக்கா? தல மூடாம ரூமுக்குள்ள காலெடுத்து வெச்சான்னு, பாத்திரம் தொடைக்கற துணிய எடுத்து அவன் தலைல கட்டிட்டா.

தயாபரன்: பாவம், அவன் அதோடையே வீட்டை போயிட்டான். அடுத்த நாள்தான் கொண்டுவந்து தந்தவன். தோய்ச்சு, அயர்ன் பண்ணி.

பல்வீர்: அப்படிப்பட்டவ. அதனால... தயா, தப்பா எடுத்துக்காத. நீ ஒண்ணு பண்ணு. உனக்கு ஜுரம் வந்துதே, அந்த ராத்திரி தெரியாம எடுத்துப் போத்திக்கிட்டேன்னு சொல்லிடு.

தயாபரன்: நானோ?

பல்வீர்: நீ வேற மதம். உனக்கு வெவரம் தெரியாது. திட்டிட்டு விட்டுடுவார். எங்கள விட மாட்டார்.

தயாபரன்: திட்டிப்போட்டு? அதுக்குப் பிறகும் என்னை இஞ்சை இருக்க விடுவினமோ?

பல்வீர்: அது... கொஞ்ச நாள் வேற எங்கயாச்சும்...

தயாபரன்: எங்கை அண்ணை? அறை தேடி இந்த ஓர்லிகோன் ஊர் முழுக்க ஏறி இறங்கினனான். லெதர் ஜாக்கெட் போட்ட தமிழன் எண்டால் ரவுடி எண்டு ஜன்னல் சீலையை இழுத்து மூடுதுகள். விலாசம் இல்லாமல் போனால் பெர்மிட் புதுப்பிக்க மாட்டாங்கள். கூர் எண்ட ஊரிலை ஒரு பெடியன் இருக்கிறான், அவன்ர அறையிலை நாலு பேர் முறை வைச்சுப் படுக்கினம்.

பல்வீர்: தெரியுது தயா. எனக்குத் தெரியாதா...

தயாபரன்: எண்பத்திமூண்டிலை கொழும்பிலை வீட்டை கொளுத்தினதுக்குப் பிறகு, இஞ்சைதான் எனக்கு ஒழுங்கா நித்திரை வந்தது. முழங்கால் மடக்கிக்கொண்டெண்டாலும். காலமை அக்கா அந்த அறையிலை வாசிப்பா. ஒரு சொல்லு விளங்காது. ஆனா எழும்பவும் மனம் வராது. தொப்பியை இழுத்துவிட்டுட்டுக் கேட்டுக்கொண்டு கிடப்பன்.

பல்வீர்: ...சரி விடு. நான் வேற ஏதாச்சும்—

தயாபரன்: இல்லை அண்ணை. நான் சொல்லுறன். நான்தான் எடுத்தனான் எண்டு. வாங்கோ, போவம்.

பல்வீர்: இரு, இரு. என்னாய்யா, இவ்ளோ சீக்கிரம் ஒத்துக்கற?

தயாபரன்: நீங்கள்தானே கேட்டியள்!

பல்வீர்: கேட்டேன். நீ மாட்டேன்னு சொல்லுவ, நான் கெஞ்சுவேன்னு நெனச்சேன். நீதான் எடுத்தியா?

தயாபரன்: ...ஓம்.

பல்வீர்: என் மூஞ்சப் பாத்து சொல்லு.

தயாபரன்: என்ன அண்ணை இது, பொலிஸ் விசாரணை மாதிரி! எடுத்தனான் எண்டால் எடுத்தனான். ஆனா ஒண்டு, என்னட்டைத் தைலம்—

பல்வீர்: ஷ்ஷ்! யாரோ நடக்கறாங்க... இல்ல. குல்வந்த் டீ குடுக்கறா. சொல்லு. நீ எடுக்கல, தயா. எனக்குத் தெரியும்.

தயாபரன்: எப்பிடித் தெரியும்?

பல்வீர்: தெரியும்னா தெரியும். யாரோ போத்திவிட்டாங்க. யாருன்னு... நீ பாத்தியா?

தயாபரன்: அதைக் கேளாதேங்கோ. நான் காட்டிக் குடுக்க மாட்டன்.

பல்வீர்: பாத்திருக்க!

தயாபரன்: காய்ச்சல்லை அரைக்கண்ணாலை. சாகும் வரைக்கும் சொல்ல மாட்டன். குறிப்பா உங்களுக்குச் சொல்ல மாட்டன்.

பல்வீர்: எனக்கு ஏன்யா சொல்லணும்? எனக்குத்தான்... என்னா, குறிப்பா எனக்கா?

தயாபரன்: நீங்கள் கோவிச்சால் அவ எங்கை போவா?

பல்வீர்: எவ?

தயாபரன்: அக்காதான்! ஐயோ... சொல்லிப்போட்டன்.

பல்வீர்: குல்வந்தா? குல்வந்த், குருவோட போர்வய எடுத்து உனக்கு? மூஞ்சப் பாத்தியா?

தயாபரன்: மூஞ்சை தெரியேல்லை. கைதான் தெரிஞ்சது. போர்வையைக் கழுத்துமட்டும் இழுத்துவிட்டுது. கையிலை இரும்பு வளையல்.

பல்வீர்: வளையல்...

தயாபரன்: ஓம். வளையல் போட்ட கை. பொம்பிளையின்ர கைதானே?

பல்வீர்: தயா. இத பாரு. என் கைல என்னா?

தயாபரன்: ...வளையல்.

பல்வீர்: இத்தன நாளா என்கூட ஒரே கிச்சன்ல வெங்காயம் உரிக்கற! சிங்குன்னா எல்லார் கையிலயும் இருக்கும்யா இது!

தயாபரன்: அப்ப... நீங்களோ? நீங்கள் செய்துபோட்டு என்னை ஒத்துக்கொள்ளச் சொன்னனீங்களோ?

பல்வீர்: கத்தாத! பல்லு கிடுகிடுன்னு ஆடிட்டிருந்துச்சு உனக்கு. ஹீட்டர் வேற அணைஞ்சு போச்சு. உனக்குப் போத்த வேற கனமான போர்வ வீட்ல இல்ல. குரு பக்கம் திரும்பிக் கைகூப்பினேன். தப்புன்னா என்னத் தண்டின்னுட்டு எடுத்துட்டேன்.

தயாபரன்: அப்ப குருவுக்கு?

பல்வீர்: என்னோட கல்யாணக் கோட்ட போத்தினேன்.

தயாபரன்: கோட்டோ!

பல்வீர்: நல்ல கோட்டுய்யா. மெட்ராஸ்ல தெச்சது. பட்டன் எல்லாம் போட்டுத்தான் விட்டேன். விடியறதுக்குள்ள திரும்ப மாத்திட்டேன். யாருக்கும் தெரியாது. குல்வந்துக்குத் தெரிஞ்சா... அய்யய்யோ, வரா. மூஞ்ச சாதாரணமா வெச்சுக்க.

குல்வந்த்: என்னா ரெண்டு பேரும் அடுப்புக்குப் பின்னாடி நிக்கறீங்க?

பல்வீர்: டீ... டீத்தூள் தேடறோம்.

குல்வந்த்: டீ குடுத்தாச்சு. அவர் குடிச்சும் முடிச்சாச்சு.

தயாபரன்: அக்கா, நான் ஒண்டு சொல்லவேணும். அந்தப் போர்வை... நான்தான்.

பல்வீர்: இல்ல குல்வந்த், அவன் சொல்றத நம்பாத. நான்தான்.

தயாபரன்: அவருக்கு விசர் அக்கா. நான்தான்.

குல்வந்த்: செத்த சும்மா இருக்கீங்களா? கர்த்தார் சிங் கிட்ட நான் சொல்லிட்டேன். ஜுரத்துல ஒரு தம்பி கிடந்துது, எங்க வீட்டுக்காரர் குருவோட ரஜாய எடுத்துப் போத்தினார்னு.

பல்வீர்: குல்வந்த்! உனக்கு... உனக்கு எப்படி?

குல்வந்த்: தண்ணி குடிக்க எழுந்தேன். நீங்க உக்காந்து கோட்டுக்குப் பட்டன் போட்டுக்கிட்டிருந்தீங்க. பட்டன் ஒவ்வொண்ணுக்கும் "வாஹேகுரு, வாஹேகுரு"ன்னு. சத்தம் போடாமப் போயிட்டேன்.

பல்வீர்: ...அவர் என்னா சொன்னார்? குருவ எடுத்துக்கிட்டுப் போறேன்னாரா?

குல்வந்த்: மீசையத் தடவிக்கிட்டே இருந்தார்.

தயாபரன்: என்னைப் போகச் சொன்னவரோ அக்கா? பரவாயில்லை, நான் இப்பவே—

குல்வந்த்: "போர்வையத் தொவச்சுப் போடு. பையனத் தொரத்தாத"ன்னார். குருவ எங்கயும் கொண்டுபோகல. பால்கனில மெத்த நனையுதாம், அதையும் பாத்துட்டார். மொதல்ல உள்ள எடுங்க.

பல்வீர்: அவ்ளோதானா? வேற ஒண்ணும்...

குல்வந்த்: ஒண்ணு கேட்டார். ஜெனீவாலேருந்து உக்காந்தே வந்ததுல முட்டி ரெண்டும் பிடிச்சுக்கிச்சாம். வாசன வந்துதே, அந்தத் தைலம் நல்ல தைலமா இருக்கும் போலருக்கு, கொஞ்சம் கெடைக்குமான்னார்.

பல்வீர்: தைலத்துக்காகவா கேட்டார் மனுஷன்! தயா, குடுய்யா அந்த டப்பாவ.

தயாபரன்: என்னட்டை ஏது அண்ணை தைலம்? அதைத்தானே அப்பவே சொல்ல வந்தனான், நீங்கள் விட்டால்தானே! நீங்கள்தானே பூசிவிட்டனீங்கள்?

பல்வீர்: நான் போர்வ மட்டுந்தான்யா போத்தினேன்!

தயாபரன்: அப்ப என்ர நெத்தியிலை, நெஞ்சிலை எல்லாம்... ஆர்?

குல்வந்த்: ...என் ஹேண்ட்பேக்ல இருக்கு, எடுத்துட்டு வரேன். ரெண்டு பேரும் அப்படி முழிக்காதீங்க. போர்வைய மட்டும் போட்டா ஜுரம் எறங்கிடுமா?