கெட்டி மேளத்துக்குப் பதில் கோல்ட்ரேன்

கல்யாணத்தன்று காலை டிபன் நன்றாகவே இருந்தது, இன்ஸ்பெக்டர் சார். தேங்காய்ப்பால் ஊற்றிய சந்தகையை யாரும் குறை சொல்ல முடியாது. நாதஸ்வரக்காரரும் தவில்காரரும் மட்டும் பாவம், விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பெண்ணின் பெரியப்பா என்ற முறையில் நானே அவர்களை அழைத்துப் போய், சமையல்கட்டுக்குப் பின்னால் தனி அறையில் இலை போட்டேன். நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று கதவை வெளியே சாத்தினேன். பூட்டிவிட்டேன் என்று என் தம்பி திருமூர்த்தி புகார் எழுதியிருப்பது கொஞ்சம் மிகை. சின்னப் பூட்டுதான்.

என்னைப் பற்றி விசாரித்திருப்பீர்கள். ஆத்தப்பன், வேலம்பாளையத்தில் பனியன் யூனிட். இளவயதில், என்னிடம் பனியன் வாங்க வந்த ஒரு டச்சு பையர், அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் வித்வான் ஜான் கோல்ட்ரேனின் இசைத்தட்டு ஒன்றைப் பரிசாகத் தந்தார். முதல் தடவை கேட்டபோது பிளேயர் பழுது என்று நினைத்து மெக்கானிக்கை வரவழைத்தேன். மூன்றாம் தடவை கேட்கையில் அழுதுவிட்டேன். பிறகு லூயி ஆம்ஸ்ட்ராங், பில்லி ஹாலிடே என்று ஒவ்வொருவராக வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். பூஜையறையில் முருகனுக்குப் பக்கத்தில் கோல்ட்ரேன் படம் மாட்டியிருக்கிறேன். என் மனைவி ஜெயபாரதி இருவருக்கும் விபூதி வைப்பாள்.

ஆனால் இந்த ஊரில் கேட்பதற்கு ஆள் இல்லை. யூனிட்டில் போட்டுப் பார்த்தேன். ஓவர்லாக் மெஷினில் இருந்த முத்துப்பேச்சி எழுந்து வந்தாள். "மொதலாளி, இந்தப் பாட்டுல தாளத்துக்கு அடி எங்க விழுதுன்னே தெரிய மாட்டேங்கு. கையி தன்னால இழுக்கி" என்றாள். அந்த வாரத்துத் தையலெல்லாம் பாம்பு போல வளைந்திருந்தது. எனக்கு அது அழகாகவே பட்டது. பையருக்குப் படவில்லை.

ஒரே ஒருத்திதான் என்னைப் புரிந்துகொண்டாள். தம்பி மகள் தேஜஸ்ரீ. "என்ற கல்யாணத்துக்கு உங்க பாட்டத்தான் போடோணும் பெரியப்பா" என்று அவளே கேட்டாள். அப்போது அவளுக்கு ஆறு வயது. என் கையில் சாக்லேட் இருந்தது. இருந்தாலும் வாக்கு வாக்குதானே. அவளுக்கு மறந்துபோனதால் நான் சும்மா இருந்துவிட முடியுமா?

முகூர்த்தம் நெருங்கியதும் மேடைக்குப் பக்கத்தில் இருந்த மைக் செட் அறைக்குள் போய் உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். கண்ணாடி ஜன்னல் வழியாக மேடை முழுதும் தெரிந்தது. மாப்பிள்ளை பரணி தாலியைக் கையில் எடுத்தார். ஐயர் "கெட்டி மேளம்" என்றார். நான் கோல்ட்ரேன் இசைத்தட்டில் ஊசியை இறக்கினேன்.

ஒன்றை மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை. தாலி கட்டும் நேரத்தில் தும்மலோ அழுகையோ காதில் விழக்கூடாது என்பதற்காகத்தான் கெட்டி மேளமே கொட்டுகிறார்கள். சாக்ஸபோன் உச்சத்துக்கு ஏறியதும் மாப்பிள்ளையின் அம்மா மகனின் கையைப் பிடித்துக்கொண்டார். "யாரோ ஒப்பாரி வெக்கறாங்க சாமி. இது நிக்கற வரைக்கும் கட்டாத."

பரணி எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சன்டைசர். பையர் அப்ரூவல் வராமல் ஒரு பட்டன்கூட வைக்காதவர். தாலியைப் பிடித்தபடி அப்படியே நின்றார். சித்தப்பா ஒருவர் மேளத்துக்குப் பதிலாக எவர்சில்வர் தட்டைத் தட்டிப் பார்த்தார். தாளம் சுத்தமாக இல்லை.

என் தம்பி வந்து கதவைத் தட்டினான். "அண்ணா, காலுல வுழுகறனுங்ணா. நாளைக்கு ஆடி பொறக்குது. இந்த முகூர்த்தத்த வுட்டா ஆவணிதானுங்ணா" என்றான். எனக்கும் மனசு கேட்கவில்லை. ஊசியை எடுக்கக் கை நீட்டினேன். ஆனால் கோல்ட்ரேன் அப்போதுதான் சோலோவுக்குள் போயிருந்தார். நடுவில் நிறுத்துவது கொலைக்குச் சமம், சார். நான் அப்படிப்பட்டவன் அல்ல.

நீளமான சோலோதான், ஒப்புக்கொள்கிறேன். அது முடிவதற்குள் முகூர்த்தம் போய்விட்டது. பரணியின் அம்மா தாலியை மகன் கையிலிருந்து வாங்கி மடியில் முடிந்துகொண்டு, "இனி பேசறதுக்கு ஒண்ணுமில்லீங்க" என்றார். குண்டடத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்த இரண்டு பஸ்ஸும் பந்திக்குக்கூட நிற்காமல் திரும்பிப் போயின. ஆமாம் சார், எல்லாம் நான் செய்ததுதான். யாரும் தூண்டவில்லை. அறைக்குள் இருந்த வித்வான்களுக்குச் சாம்பார் அனுப்ப மறந்ததும் நான்தான்.

ஆனால் ஒரு விஷயம் உங்கள் எஃப்.ஐ.ஆரில் விட்டுப்போயிருக்கிறது. தயவுசெய்து சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேஜஸ்ரீயே வந்தாள். மாலையைக் கழற்றி எறிந்துவிட்டு, கூறைப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "வெளிய வாங்க பெரியப்பா, உங்களக் கொல்லாம வுடமாட்டேன்" என்று கத்திக்கொண்டே கதவை உதைத்தாள். மண்டபமே அதைக் கோபம் என்று நினைத்தது. நான் கதவில் காது வைத்துக் கேட்டேன். ஒவ்வொரு உதையும் கோல்ட்ரேனின் தாளத்துக்கு அடி தப்பாமல் விழுந்தது, சார்.