இருபத்தாறாவது தவளை

– இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளு. கவனி, அதோ பாசி திட்டுத் திட்டா கிடக்குல்ல, அதுக்கு நடுவுல.

– அங்க துடுப்பே சிக்குதுங்க. படகு போனா திரும்பாது.

– துடுப்பு சிக்கும். என் ரப்பர்த் தவளை சிக்காது. அதானே கண்டுபிடிப்பு!

– அடேங்கப்பா! பாசியில சிக்காது, கட்டையில சிக்காது, மீன்கிட்டயும் சிக்காது. கழுவுற மீன்ல நழுவுற மீன் கேள்விப்பட்டிருக்கேன். நழுவுற தூண்டிலை இப்பத்தான் பாக்குறேன்.

– குத்திக் காட்டாதடி. குத்துறது முள்ளோட வேலை. அதுவே செய்ய மாட்டேங்குது.

– ரோஸ் கலர்ல தவளை! எந்த மீனுங்க நம்பும்?

– பல்செட்டுக்கு ஈறு வைக்கிற ரப்பர் அந்தக் கலர்லதான் வருது. இருபது வருஷமா ஊராருக்குப் பல் செஞ்சு குடுக்குறவன், பச்சை ஈறுக்கு எங்க போவேன்? கம்பிகூட பிள்ளைங்க பல்லுக்கு க்ளிப் போடுற கம்பிதான். கவனி, முள்ளு முனைக்கு முன்னால இது காவல் நிக்குது. பாசி வந்தா ஒதுக்கி விட்டுடும். மீன் கவ்வினா வளைஞ்சு குடுக்கும், முள்ளு மாட்டிக்கும்.

– இதுவரைக்கும் மாட்டிக்கிட்டது நான் ஒருத்திதான். பன்னெண்டு மணிக்குப் படகைத் திருப்பிக் குடுக்கணும். பேசினது ஞாபகம் இருக்குல்ல?

– இருக்கு தாயே. அதுக்குள்ள ஒரே ஒரு மீன். வரலைன்னா நான் தவளை செய்யுற பின்னறை உன் தையல் மிஷினுக்கு. தவளைங்க எல்லாம் அட்டைப் பெட்டிக்கு.

– அடுப்புக்குப் பக்கத்துல உக்காந்து எத்தனை நாள்தான் தைக்கிறது? போன வாரம் எண்ணெய் தெறிச்சு ஒருத்தங்க வெள்ளைச் சட்டையே பாழாப் போச்சு. புதுசு வாங்கிக் குடுத்தேன்.

– தெரியும், தெரியும். மணி என்ன?

– பதினொண்ணு நாப்பது.

– கம்பி ஓரத்துல ஒரு பிசிறு நிக்குது. என் குட்டி அரம் மட்டும் இருந்தா இப்பவே தேய்ச்சிருப்பேன். ஒரு வருஷமாத் தேடுறேன்.

– உங்க மேசையில யானையே தொலைஞ்சு போகும். வீசுங்க முதல்ல.

– வீசிட்டேன். பாரு, பாசி மேல எப்படித் தத்தித் தத்தி வருது! ஒரு இலைகூட ஒட்டல.

– வருது, வருது... ஏங்க! தண்ணி கலங்குது!

– கவ்விடுச்சு! இழுக்குது பாரு! வலையை எடு, வலையை எடு!

– எடுத்துட்டேன்! பெருசுங்க, வாலைப் பாத்தேன்! விடாதீங்க!

– ஐயோ, தூண்டில் கயிறு தொய்ஞ்சுபோச்சே!

– ஏங்க? என்னாச்சு?

– துப்பிட்டுப் போயிடுச்சு.

– இன்னொரு தரம் வீசுங்க.

– வேணாம். எத்தனை தரம் வீசினாலும் இதே கதைதான். கம்பியை மெலிசாக்கினேன், கவ்விட்டு விட்டுது. நீளமாக்கினேன், விட்டுது. ரெட்டையாக்கினேன், விட்டுது. வேலியே பயிரை மேயுது. முள்ளு கிழிச்சு என் கட்டை விரல்ல ஏழு தையல் போட்டோமே, அதுக்கு முன்னாடியாவது ரெண்டு மீன் வந்துச்சு. என் கெட்டிக்காரத்தனம் ஏற ஏற மீன் குறைஞ்சுது.

– பன்னெண்டு இன்னும் ஆகலையே.

– பின்னறைச் சாவி இந்தா. சந்தோஷமாத்தான் தர்றேன்.

– மூஞ்சி அப்படித் தெரியலையே.

– பின்ன என்ன பண்ண? இருபத்தாறு தவளை செஞ்சேன். பொய்ப் பல்லுதான் நமக்கு லாயக்கு. நிஜமாக் கடிக்கிற எதையும் என்னால செய்ய முடியாது. இன்னிக்கு நல்லாப் புரிஞ்சுபோச்சு. வெக்கமா இருக்கு. கரைக்கு விடு.

– அப்படியெல்லாம் பேசாதீங்க.

– உண்மையைத்தானே சொல்றேன்.

– அந்தத் தவளையை இப்படிக் குடுங்க. முள்ளு முனையை எப்பவாச்சும் நகத்துல வச்சு இழுத்துப் பாத்தீங்களா?

– அந்தத் தையலுக்கப்புறம் முனையைத் தொடவே பயம். எதுக்குத் தொடணும்? கடையில வாங்கின முள்ளு, அதுல கோளாறு வராது. கோளாறெல்லாம் என் கம்பியில.

– என் நகத்தைப் பாருங்க. இழுக்குறேன். கீறல் விழுதா?

– விழல. வழுக்கிட்டுப் போகுது. இன்னொரு தரம் இழு. ஐயோ, குண்டூசித் தலை மாதிரி மொண்ணையா இருக்கே! எப்படி?

– அன்னிக்கு உங்க விரலைத் துணியில சுத்திக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேனே, அந்த ரத்தம் இன்னும் என் கண்ணுல நிக்குது. அதுக்கப்புறம் நீங்க முள்ளு டப்பா வாங்கிட்டு வர்றப்ப எல்லாம், நீங்க வேலைக்குப் போனதும்...

– போனதும்?

– இந்தாங்க உங்க குட்டி அரம், இவ்வளவு நாளா என் பையிலதான் இருக்கு. கூரா தேய்ச்சிட்டு வீசுங்க, பன்னெண்டுக்கு இன்னும் எட்டு நிமிஷம் இருக்கு.