பன்னிரண்டு விமானங்களின் வரிசை

வாசலில் நீங்கள் கழற்றிவிட்ட காலணிகளைத் தெருவைப் பார்த்து நேராகத் திருப்பி வைத்தது நான்தான். தவறாக நினைக்க வேண்டாம். ஏதாவது கோணலாக இருந்தால் எனக்குப் பேச்சு வராது.

உங்கள் அண்ணன் மூழ்கிப்போன அந்தப் போர்க்கப்பலில் இருந்தார் என்றீர்கள். சொல்கிறேன்.

போரின் கடைசி வருடம், ஜப்பானின் தெற்கே கியூஷூ தீவில் ஒரு கடற்படை விமானத் தளத்துக்கு நான் துணைத் தளபதி. வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் பறந்திருக்கிறேன். தொப்பிக்குள் வாந்தி எடுத்தேன். ஆகவே தரையில் அதிகாரம் கொடுத்தார்கள். அந்த ஏப்ரல் காலை அட்மிரல் தளத்தைப் பார்வையிட வருவதாக இருந்தது. தளபதி அவரை அழைத்துவரப் போயிருந்தார். பன்னிரண்டு சண்டை விமானங்களையும் தரையில் கயிறு பிடித்து அளந்து, மூக்குகள் ஒரே கோட்டில் வரும்படி நிறுத்தியிருந்தேன்.

எட்டேகாலுக்குக் கப்பலிலிருந்து செய்தி வந்தது. எதிரி விமானங்கள் தென்படுகின்றன, உடனே காவலுக்கு விமானங்கள் வேண்டும். தளபதி இல்லாதபோது அனுப்பும் அதிகாரம் என்னுடையது. தாளை மடித்துப் பையில் வைத்தேன். புது வெள்ளைக் கையுறை. மை ஒட்டிவிடுமோ என்று ஒரு கவலை.

விமானப் பிரிவுத் தலைவன் நகாட்சுகா தந்தி அறையில் கேள்விப்பட்டு ஓடிவந்தான். இருபத்து மூன்று வயது.

“உத்தரவு குடுங்க ஐயா. பத்து நிமிஷத்துல மேல இருப்போம்.”

அட்மிரல் பார்த்துவிட்டுப் போகட்டும் என்றேன்.

“அட்மிரல் வர்றார்னு எதிரி லீவு போடுவானா, ஐயா?”

நல்ல நகைச்சுவை. நானும் சிரித்தேன். பிறகு, “ஏழாவது விமானம் ரெண்டு விரல் முன்னால நிக்குது. அதைத் தள்ளு” என்றேன்.

தள்ளினான்.

இன்னும் இரண்டு முறை கப்பலிலிருந்து கேட்டார்கள். ஒன்பதரைக்குப் பிறகு கேட்கவில்லை. நிம்மதியாக இருந்தது.

அட்மிரல் பதினொரு மணிக்கு வந்தார். மழை. காரை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியையும் இறக்கவில்லை.

விசாரணை வரும் என்று தெரிந்தது. நகாட்சுகா வாயைத் திறக்கக்கூடும். திரும்பி வராத தாக்குதலுக்குப் போகிறவர்கள் பட்டியலில் அவன் பெயரை முதலில் எழுதினேன். கிளம்பும்போது என் முன்னால் வந்து நின்றான்.

“இன்னிக்கு வரிசையைக் கலைக்கலாமா, ஐயா?”

கலைக்கலாம் என்றேன்.

விசாரணையில், செய்தியே வரவில்லை என்றேன். தந்தி அறையில் இருந்தவன் மேல் பழி போனது.

ஆயிரத்து நாற்பது பேர். உங்கள் அண்ணனையும் சேர்த்து. அவர்களைக் கொன்றது நான்தான், நகாட்சுகாவையும். இதைச் சொல்லத்தான் உங்களை உள்ளே கூப்பிட்டேன். ஒன்றை மட்டும் நீங்கள் நம்ப வேண்டும், அட்மிரல்தான் பார்க்கவில்லை. கோடு நேராக இருந்தது.