நேராக இருந்த ஆக்சில்

எட்வர்டுக்கு இட்லி சூடாக இருந்தால் ஆகாது, ஃபாதர். ஆறவைத்து, சாம்பாரில் மசித்து, வாயின் இடது பக்கமாகக் கொடுக்க வேண்டும். வலது பக்கம் கொடுத்தால் புரையேறிவிடும். இதையெல்லாம் நான் சீக்கிரமே பழகிக்கொண்டேன்.

வருகிற ஞாயிறு பூசையில் என்னைப் பாராட்டிப் பேசப்போகிறீர்கள் என்று அவன் மனைவி ஷைனி சொன்னாள். அதற்கு முன் நீங்கள் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது என்று பட்டது.

கும்மிடிப்பூண்டி சிப்காட் ரோட்டில் இருக்கும் எங்கள் கார் ரிப்பேர் ஷெட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இருபத்திரண்டு வருடம் நானும் எட்வர்டும் சேர்ந்து நடத்தினோம். நாஷ்டா நான் வாங்கி வருவேன், டீ அவன் வாங்குவான். எனக்குக் குடும்பம் இல்லை. அது ஒரு குறையாகத் தோன்றியதும் இல்லை. கம்பெனி விட்டுப் போகிறவர்களுக்காக வாசலில் பானைத் தண்ணீர் வைப்பேன். செவ்வாய்தோறும் சிறுவாபுரி போய் முருகனைக் கும்பிடுவேன். சின்னச் சின்ன நல்லதுதான் மனிதனைக் காப்பாற்றும் என்று நம்புகிறவன் நான்.

ஷைனியின் தம்பி ராபின், கோயம்புத்தூரில் பழைய கார்களுக்கென்றே ஒரு ஷெட் திறந்து, எட்வர்டையும் கூப்பிட்டான். ஒரு நாள் எட்வர்ட் காருக்கு அடியில் படுத்துக்கொண்டே சொன்னான்: "குப்பு, நானும் ஷைனியும் கோயம்புத்தூர் போலாம்னு கீறோம்டா."

அவன் கேட்ட ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தேன்.

"நீ இன்னாடா சொல்ற?"

"போய்ட்டு வா."

"திரும்பி வர்றதுக்கா ஊட்டக் காலி பண்ணிக்கினு போறாங்க?" என்று சிரித்தான்.

அவனுடைய அறுபத்து நாலாம் வருட ஃபியட்டை ஓட்டிக்கொண்டே போக வேண்டும் என்பது அவன் ஆசை. அதில் பலமான வேறு இஞ்சின் வைத்திருந்தோம். "முன்னாடி சிங்கம், பின்னாடி ஆட்டுக்குட்டி. பழைய ஆக்சில் தாங்காதுடா" என்றான். ஆக்சில் என்றால் பின்சக்கரங்களைத் தாங்கும் அச்சு, ஃபாதர். சரியாகத்தான் சொன்னான். பழைய ஆக்சிலில், உள்ளே சுழலும் ஷாஃப்டின் நுனியிலேயே சக்கரம் தொங்குகிறது. ஷாஃப்ட் உடைந்தால் சக்கரமும் போய்விடும். ராணுவத்தில் கழித்துவிட்ட ஜீப்பின் ஆக்சில் அப்படியல்ல. ஷாஃப்ட் உடைந்தால் வண்டி நிற்கும், சக்கரம் இடத்தில் இருக்கும். கவரைப்பேட்டை காயலான் கடையில் அப்படி ஒன்றைத் தேடிப் பிடித்து, ஃபியட்டின் அகலத்துக்கு வெட்டிக் குறைத்தோம். மாட்டும் வேலையை என்னிடம் விட்டுவிட்டு அவன் வீட்டுச் சாமான் கட்டப் போனான்.

பழையதைக் கழற்றித் துடைத்தேன். வலது ஷாஃப்டில், சக்கரம் தொங்கும் நுனியில், முடி கனத்துக்கு ஒரு விரிசல் இருந்தது. ஜீப் ஆக்சிலை மேடையில் வைத்து அளந்தேன். நேராக இருந்தது. இரண்டும் என் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. விரிசலின் மேல் கிரீஸைத் தடவி, பழையதையே மாட்டினேன்.

சாயங்காலம் அவன் வந்தபோது, "ஜீப்போடது கோணலா கீதுடா. மாட்டினா டயரைத் தின்னுடும். பழசே போதும்" என்றேன்.

"நெசமாவா?" என்றவன், நான் வாய் திறப்பதற்குள், "சாமி கும்புடற ஆளு. நீ சொன்னா சரிதான்" என்றான். அளவுகோலைக் கையில்கூட எடுக்கவில்லை.

கிளம்பும்போதே உடைந்துவிடும், ஊரைத் தாண்ட மாட்டான் என்று நினைத்தேன். புறப்பட்ட அன்று நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தது நான்தான். "ஏசுவுக்கும் ஒண்ணு வெச்சிடுடா" என்று கேலி செய்தான். ஷைனியிடம், "வெயில்ல கார்ல எதுக்குமா பேஜாரு? ரயில்ல போ" என்று சொல்லி, நானே ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்தேன்.

கவரைப்பேட்டை தாண்டி வண்டி வேகமெடுத்த இடத்தில் வலது பின்சக்கரம் தனியே ஓடியது. கார் உருண்டது. கழுத்துக்குக் கீழே எட்வர்டுக்கு இப்போது எந்த உணர்வும் இல்லை.

"அன்னிக்கு நீங்க ரயில்ல ஏத்திவுடலன்னா நானும் அந்தக் கார்லதான் இருந்திருப்பேண்ணா" என்று ஷைனி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். வெயிலுக்காகத்தான் சொன்னேன் என்று நானும் ரொம்ப நாள் நம்பினேன். ஆனால் இத்தனை ஆக்சில் கழற்றிய கைக்கு அது வேகமெடுக்கும்போதுதான் உடையும் என்று தெரியாதா, ஃபாதர்? தெரிந்ததால்தான் அவளைக் காரில் ஏறவிடவில்லை. அவனை ஏறவிட்டேன்.

நேற்று மூக்கைத் துடைத்துவிட்டபோது சொன்னான்: "மனசுல வெச்சிக்காதடா. அது கோணலா இருந்ததுக்கு நீ இன்னா பண்ணுவ?"

அந்த ஜீப் ஆக்சில் இன்னும் ஷெட்டில் சாக்குக்கு அடியில் கிடக்கிறது. போலீசிடம் சொல்வதென்றால் சொல்லுங்கள், வந்து எடுத்துக் காட்டுகிறேன். எட்வர்டுக்கு மட்டும் தெரிய வேண்டாம். ஷைனி வேலைக்குப் போய்விட்டால், என்னை விட்டால் அவனுக்கு யார் இருக்கிறார்கள்? கோயம்புத்தூர் பேச்சையே அவன் எடுப்பதில்லை. காலையில் என் செருப்புச் சத்தம் கேட்டதும் சிரிக்கிறான். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட அவன் எனக்காக இப்படிக் காத்திருந்ததில்லை, ஃபாதர்.