மூன்று வெள்ளி வாசித்த ஓலை

ராத்திரித் தொழுகைக்கு இஷா பாங்கு சொல்லி வெகுநேரம் ஆகியிருந்தது. இந்த அரபு நாட்டில், அஜ்மான் சாலையிலிருந்து கடல் பக்கம் பிரியும் மணல் தடம்... விளக்கு இல்லை, வண்டி இல்லை. அதில் ஒருவன் செருப்பைக்கூட விட்டுவிட்டு ஓடி வருகிறான். யார் என்கிறீர்களா? நம் ரூம் தியாகுவின் தாய்மாமன், மாயாண்டி. தியாகுவுக்கு இன்றைக்கு நைட் டூட்டி, அதனால்தான் வாயைத் திறக்கிறேன். கரண்ட் வரும்வரை பொழுது போக வேண்டுமே. அழகுமலை, அந்த மெழுகுவர்த்தியைக் கொஞ்சம் நகர்த்து.

நடந்தது எழுபத்து நான்கில். அந்தத் தடத்தின் கடைசியில் இங்கிலீஷ்காரர்கள் ஒரு சின்ன சர்ச் வைத்திருந்தார்கள். மணியும் கிடையாது, கோபுரமும் கிடையாது. ஆனால் அவர்கள் ஊர்க் கோயிலில் எப்படியோ அப்படியே இங்கேயும் நடக்க வேண்டும். லீவு வெள்ளிக்கிழமை என்பதால் பூசையும் வெள்ளிக்கு மாறியது, அவ்வளவுதான். மாயாண்டி அங்கே வாட்ச்மேன். கூட்டுவது, பூட்டுவது, ஜெனரேட்டர் போடுவது எல்லாம் அவன்தான்.

ஊரில் அவனுக்குப் பெண்டாட்டி உண்டு. கருப்பாயி, மாட்டுத்தொழுவமும் வைக்கோலுமே கதி என்று கிடந்த பாவப்பட்ட ஜென்மம். புருஷனிடம் ஒரு வார்த்தை பேசுவதற்கும் முதலில் தொண்டையைச் செருமிக்கொள்வாள்... ஹும், ஹும்... அவ்வளவு பயம். அவளை வைத்துக்கொண்டே இந்தப் படுபாவி, இங்கே துரை வீட்டு ஆயா ஒருத்தியிடம் தனக்குக் கல்யாணமே ஆகவில்லை என்றான். அவள் ஞானப்பூ, நம் தெற்கத்திச் சீமை நாசரேத்துக்காரி, கிறிஸ்தவப் பெண். கோயிலில் நடந்தால்தான் கல்யாணம் என்றாள். இவனும் தலையில் ஞானஸ்நானத் தண்ணீரை வாங்கிக்கொண்டு மைக்கேல் ஆனான்.

அங்கேதான் சிக்கினான். அவர்கள் முறைப்படி கல்யாணத்துக்கு முன்னால் மூன்று வாரம் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பாதிரியார் சபை நடுவே கேட்பார். கேட்டுவிட்டுச் சும்மா நிற்பார்... பதிலுக்காக. நம் பக்கம் யாராவது அப்படிக் கேட்பார்களா? அந்த நேரத்தில் ஒரு தும்மல்கூடக் காதில் விழக்கூடாது என்றுதானே கெட்டிமேளம் கொட்டச் சொல்கிறோம்.

முதல் வெள்ளி. பாதிரியார் கேட்டார். சபை அமைதி. கடைசி பெஞ்சிலிருந்து... ஹும், ஹும். மாயாண்டி திரும்பினான். பெஞ்சு காலி. ஈர வைக்கோல் வாடை மட்டும் அடித்தது. இந்த மணல்காட்டில் வைக்கோலுக்கு எங்கே போவது? வேறு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டாம் வெள்ளி அதே செருமல்... பிறகு பெஞ்சுப் பலகை கிரீச்சிட்டது. யாரோ எழுந்து நிற்கிற சத்தம்.

“அண்ணே, போதும்ணே,” என்கிறான் அழகுமலை. பயந்தால் காதைப் பொத்திக்கொள்ளடா.

அன்று இரவு சர்ச்சில் தனியாகக் காவலிருக்க முடியாமல்தான், முதலில் சொன்னேனே, அப்படி ஓடினான். ஓடிய ஓட்டத்தில் ஞானப்பூவிடம் போய் உண்மையைச் சொல்லியிருந்தால் அவன் மனிதன். சொல்லவில்லை.

மூன்றாம் வெள்ளி, பாதிரியார் ஓலையைக் கையில் எடுத்ததும் இவன் பின்பக்கம் போனான். கரண்ட் இருக்கும்போதே டீசல் ஜெனரேட்டரைக் கிளப்பினான். தடதடவென்று சுவரெல்லாம் அதிர்ந்தது. ஜன்னல் வழியே பார்த்தான். பாதிரியாரின் வாய் அசைந்தது, நின்றார், காத்திருந்தார், தாளை மடித்தார். நம் ஆள் தன் கெட்டிமேளத்தைத் தானே கொட்டிக்கொண்டான்.

கல்யாணம் நடந்தது. கோயில் பதிவேட்டில் அவன் பெயருக்கு எதிரே ‘பிரம்மச்சாரி’ என்று பாதிரியார் அழகான கையெழுத்தில் எழுதினார்.

அடுத்த வாரம் லீவு முடிந்து வந்தார் அவன் ஊர்க்காரர் செய்கு முகம்மது.

“மனசத் தேத்திக்கப்பா. கருப்பாயி மவுத்தாப் போச்சு. மஞ்சக்காமாலை.”

“எப்ப?”

“ரெண்டு மாசமாச்சே. ஒனக்குச் சேதி வரலயா?”

ஓலை வாசிப்பதற்கு முன்பே செத்திருக்கிறாள். அப்படியானால் அவர்கள் சட்டப்படி தடையே இல்லை. வாயைத் திறந்து உண்மையைச் சொல்லி, ஊருக்கும் ஒரு கடிதம் போட்டு விசாரித்திருந்தால் பாதிரியாரே நல்லபடியாக நடத்தி வைத்திருப்பார். நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. உயிரோடு இருந்தபோதும் அவளைப் பேசவிடவில்லை, செத்த பிறகும் விடவில்லை.

அதன்பின் அமைதியான இடத்தில் அவனால் இருக்க முடியவில்லை. ராத்திரியெல்லாம் ஜெனரேட்டரை ஓடவிட்டு, அதன் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தான். ஞானப்பூ பொறுத்துப் பார்த்துவிட்டு ஊருக்கே போய்விட்டாள். அப்படியே நாலைந்து வருஷம்... இரண்டு காதும் சுத்தமாகப் போய்விட்டது. இடி விழுந்தாலும் கேட்காது.

போன மாதம் தியாகு அதே சர்ச்சுக்குப் போய் அவனைப் பார்த்திருக்கிறான். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்ததாம். காதைத் தொட்டுக் காட்டி, “ஒண்ணுமே கேக்கலயா மாமா?” என்று வாயசைத்திருக்கிறான்.

அப்படியில்லை என்று மாயாண்டி தலையாட்டினானாம். பிறகு கடைசி பெஞ்சு இருக்கும் பக்கம் பார்த்தபடியே சொன்னானாம்.

“மெசினு சத்தம் நின்னு போச்சுடா. இப்பத்தான் அவ சொல்றது தெளிவாக் கேக்குது. அன்னிக்கிப் பாதிரியாரு கேட்டாருல்ல... அதுக்குப் பதிலு சொல்லிக்கிட்டே இருக்கா. ‘நா இருக்கேன் சாமி... நா இருக்கேன்.’”