ஆமைக்குக் காலை வெயில் வேண்டும்

ஆமைக்குப் பழம் கொடுக்கக் கூடாது. மாம்பழத் துண்டைப் போட்டால் ஆசையாகத் தின்னும், பார்க்கிற நமக்கும் சந்தோஷமாக இருக்கும். அடுத்த நாள் வயிறு இளகிவிடும். புல், செவ்வரத்தை இலை, வல்லாரை, எப்போதாவது முள் நீக்கிய நாகதாளி. இவ்வளவும் போதும். வனவிலங்கு அதிகாரிகள் அதைக் கொண்டுபோன இடத்தில் யாராவது பழம் வைக்கிறார்களோ தெரியாது. அதனால்தான் ஐயா, வாக்குமூலம் எழுதத் தொடங்குமுன் இதை உங்களிடம் சொல்லிவைக்கிறேன்.

என்னுடைய பெயர் வீரகத்தி. ஊர் விசுவமடு. வயல் செய்தவன். மனைவி நாகேஸ்வரி விழுந்த பிறகு வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு வீட்டோடு இருந்தேன். விழுந்தது என்றால் பாரிசவாதம். குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். வலப்பக்கம் முழுவதும் போய்விட்டது. பேச்சும் போனது. ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. "இஞ்சேருங்கோ." கலியாணம் கட்டிய நாளிலிருந்து என்னை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். தண்ணீர் வேண்டுமென்றாலும் அந்தச் சொல்தான், முதுகு நோகிறது என்றாலும் அதுதான், உடுப்பை நனைத்துவிட்டாள் என்றாலும் அதுதான். எதற்குக் கூப்பிடுகிறாள் என்று நான் போய்ப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

முதல் வருடம் நான் ஒரு குறையும் வைக்கவில்லை. ஊரில் யாரிடமும் கேட்கலாம். பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் மீனம்மா காலையில் வந்து அவளைக் கழுவி உடுப்பு மாற்றிவிடுவாள். மலையகத்திலிருந்து வந்து இங்கே தோட்டம் செய்கிற குடும்பம். நல்ல கைராசிக்காரி. பின்னேரங்களில் நான் பார்த்துக்கொண்டேன்.

நான் சுத்தம் பார்க்கிறவன். சின்ன வயதிலிருந்தே இன்னொருவர் குடித்த கோப்பையில் குடிக்கமாட்டேன். நாகேஸ்வரிக்கு அது தெரியும். எனக்கென்று தனிக் கோப்பை, தனித் தட்டு வைத்திருந்தாள். அவற்றைக் கொதிநீர் ஊற்றித்தான் கழுவுவாள். ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. இப்போது அதே மனுஷியின் கடைவாயில் சோறும் எச்சிலும் வழிவதை நான் கரண்டியால் வழித்தெடுக்க வேண்டியிருந்தது. பிறகு என் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் கையிலிருந்து அந்த மணம் வரும். சவுக்காரம் போட்டும் போகாது. எத்தனையோ நாள் பிசைந்த சோற்றைக் கோழிக்குக் கொட்டினேன்.

ஆமை வந்தது மாசியில், வயல் அறுத்தபோது. அறுவடை மெஷின் ஓட்டிய கோகுலன் அதை ஒரு சாக்கில் போட்டுக்கொண்டு வந்து முற்றத்தில் வைத்தான். முதுகில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம்போல் விரிந்த காட்டாமை.

"மெஷினுக்குள்ள அகப்படப் பாத்தது ஐயா. வைச்சிருங்கோ, அம்மாவுக்கும் பொழுது போகும்" என்றான்.

நாகேஸ்வரிக்குக் காட்டினேன். அவளுடைய நல்ல பக்கத்து உதடு சிரித்தது. இடக்கையை நீட்டி ஓட்டைத் தொட்டாள். அந்தக் கை எங்கெல்லாம் பட்டிருக்கும் என்று யோசித்து நான் ஆமையைக் கொண்டுபோய்த் துடைத்தேன்.

புது இடத்துக்கு வந்த ஆமை சில நாட்களுக்குத் தின்னாது. ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டு கிடக்கும். அந்த நேரத்தில் தூக்குவதும் தடவுவதும் கூடாது, அதன்பாட்டில் விட வேண்டும் என்று யூடியூபில் ஒருவர் சொன்னார். நான் நிலத்தில் பாய் போட்டுத் தள்ளி உட்கார்ந்து, அசையாமல் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு காலை அது மெல்ல வெளியே வந்து என் கையிலிருந்த செவ்வரத்தைப் பூவைக் கடித்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதன் எச்சம் காய்ந்த புல்போல இருக்கும். வெறுங்கையாலேயே எடுத்து வெளியே போடுவேன். அருவருப்பே வரவில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது, நான் இரக்கமில்லாதவன் அல்ல என்று.

ஓட்டின் ஓரம் கொஞ்சம் மெதுமையாக இருந்தது. வெயில் போதாவிட்டால் அப்படி ஆகும். வளவுக்குள் நாயும் கீரியும் திரிவதால் வெளியே விட முடியாது. வீட்டில் காலை வெயில் விழுவது கிழக்குப் பக்க அறையில் மட்டும்தான். நாகேஸ்வரி அங்கேதான் படுத்திருந்தாள். அவளுக்கு வெயிலால் என்ன ஆகப்போகிறது? நெல் மூட்டை அடுக்கியிருந்த பின்னறைக்குக் கட்டிலை மாற்றினேன். அந்த அறைக்கு யன்னல் இல்லை என்று வீட்டைப் பார்த்த அன்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். யன்னல் இருக்கிறது. மூட்டைகள் மறைத்துக்கொண்டிருந்தன.

மீனம்மாவுக்கு அது பிடிக்கவில்லை.

"காத்தே இல்லையே ஐயா. இடுப்புல புண்ணு வந்திருச்சு, பாத்தீங்களா? திருப்பித் திருப்பிப் போடணும். இல்லாட்டி உள்ளுக்குப் போயிரும்."

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். ஆனால் அடுத்த கிழமை அவள் செய்த வேலையை என்னால் பொறுக்க முடியவில்லை. ஆமையை இளஞ்சூட்டுத் தண்ணீரில் கொஞ்ச நேரம் இருக்க விடுவதற்காக நாகேஸ்வரியைக் கழுவுகிற நீல பேசினை எடுத்து, ப்ளீச்சிங் பவுடர் போட்டு உரஞ்சி வைத்திருந்தேன். மீனம்மா அதை எடுத்து நாகேஸ்வரியுடைய அழுக்குத் துணிகளை ஊறப்போட்டுவிட்டாள். அது அம்மாவுடைய பேசின்தானே என்று கேட்டாள். நான் சத்தம் போடவில்லை. நாகேஸ்வரியை யாழ்ப்பாணத்தில் ஒரு முதியோர் இல்லத்துக்குக் கூட்டிப்போக மகள் ஒழுங்கு செய்திருக்கிறாள், இனி வரத் தேவையில்லை என்று சொல்லி அனுப்பினேன். போகுமுன் மீனம்மா நாகேஸ்வரிக்குத் தலை இழுத்துப் பின்னிவிட்டுப் போனாள். அயலவர்களுக்கும் முதியோர் இல்லம் என்றே சொன்னேன். கனடாவில் இருக்கும் மகள் தயாளினிக்கு, மீனம்மா ஒவ்வொரு நாளும் வருகிறாள் என்று சொன்னேன்.

தயாளினி போனில் தாயைக் காட்டச் சொல்லுவாள். நித்திரை என்பேன். ஆமையைக் காட்டுவேன். பேத்தி கைதட்டும். ஒரு நாள் தயாளினி விடவில்லை. நான் நாகேஸ்வரியின் முகத்தைத் துடைத்து, பவுடர் போட்டு, கழுத்துக்கு மேலே மட்டும் தெரியும்படி போனைப் பிடித்தேன். நாகேஸ்வரி மகளைப் பார்த்து "இஞ்சேருங்கோ, இஞ்சேருங்கோ" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அம்மா கதைக்கிறா, அம்மாவுக்குச் சுகம் வருகுது என்று தயாளினி சந்தோஷத்தில் அழுதாள். நான் போனை ஆமையின் பக்கம் கொண்டுபோனேன்.

முதலில் காலையும் மாலையும் பின்னறைக்குப் போனேன். பிறகு காலையில் மட்டும். மூக்கில் துவாய் கட்டிக்கொண்டு போவேன். ஒரு நாள் அவளைப் புரட்டியபோது புண்ணுக்குள் ஏதோ நெளிந்தது. புழு. வெளியே ஓடிவந்து வாழையடியில் குமட்டிச் சத்தி எடுத்தேன். அதற்குப் பிறகு அவளைப் புரட்டவில்லை. வயிற்றுக்குள் போவது குறைந்தால் வெளியே வருவதும் குறையும் என்று யோசித்தேன். இது யாருக்கும் விளங்கக்கூடிய நியாயம்தானே? சோற்றை நிறுத்திக் கஞ்சி கொடுத்தேன். கஞ்சியை நிறுத்தித் தண்ணீர் கொடுத்தேன். மணம் வெளியே வராமலிருக்கக் கதவடியில் ஈரச் சாக்கைத் திணித்தேன். சாம்பிராணியும் போட்டேன்.

அவள் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தாள். பழைய பலம் இல்லை, ஆனால் கேட்கும். அந்தச் சத்தத்துக்கு ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொள்வதைக் கவனித்தேன். ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

ஏன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை என்று கேட்டீர்கள். கொண்டுபோனால் புண்ணைப் பார்ப்பார்கள். பார்த்தால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்?

மகள் ஆமையின் படத்தைப் பேஸ்புக்கில் போட்டிருந்திருக்கிறாள். யாரோ முறைப்பாடு செய்திருக்கிறார்கள். இரண்டு வனவிலங்கு அதிகாரிகள் வந்தார்கள். மரியாதையான ஆட்கள். இந்த ஆமையை வீட்டில் வளர்க்கக் கூடாது என்று விளங்கப்படுத்தினார்கள். அது தின்னும் இலைகளை நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். மற்றவர் அதை வைத்துக் கொண்டுபோக ஒரு பெட்டி தேடிப் பின்பக்கம் போனார்.

"ஐயா, இஞ்ச என்ன செத்துக் கிடக்குது?" என்று அங்கிருந்து கேட்டார்.

"எலியாக்கும்" என்றேன்.

அவர் கதவடிச் சாக்கை இழுத்துவிட்டு, பூட்டைப் பார்த்துத் திறப்பைக் கேட்டார். கொடுத்தேன். உள்ளே போனவர் உடனே வெளியே வந்து நிலத்தில் குந்திவிட்டார். நான் வாசலில் நின்று பார்த்தேன். நாகேஸ்வரி உயிரோடுதான் இருந்தாள். வெளிச்சம் பட்டதும் முகத்தைத் திருப்பினாள். என்னைக் கண்டதும் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. என்ன சொன்னாள் என்று கேட்டீர்கள். அவளிடம் இருந்தது ஒரு சொல்தானே.

அம்புலன்ஸ் சத்தம் கேட்டு மீனம்மா ஓடிவந்தாள். அதிகாரிகள் தடுத்தும் கேட்காமல் உள்ளே போய், தன் சேலைத் தலைப்பை நனைத்து நாகேஸ்வரியின் வாயைத் துடைத்தாள். நாகேஸ்வரி அந்த ஈரத்துணியைச் சப்பினாள். பிறகு மீனம்மா என்னிடம் வந்தாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் சும்மாவே வந்து கழுவியிருப்பேனே" என்றாள்.

சொல்லிவிட்டுத் துப்பினாள். என் காலில் விழுந்தது. நான் கிணற்றடிக்குப் போய்ச் சவுக்காரம் போட்டுக் கழுவினேன்.

நாகேஸ்வரி இறந்தது ஆஸ்பத்திரியில். என் வீட்டில் இல்லை. அதைச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்ட மற்றதையும் மறைக்கவில்லை. கடைசியில் தண்ணீர் கொடுப்பதை நிறுத்தியது நான்தான். கதவைப் பூட்டியதும் நான்தான். எழும்ப முடியாதவளை எதற்குப் பூட்டினாய் என்று நீங்கள் கேட்டீர்கள். இப்போது சொல்கிறேன். அந்தப் பூட்டு அவளுக்காக இல்லை, எனக்காக. அவள் கூப்பிட்டால் சில நேரம் என் கால் தன்பாட்டில் எழும்பி அந்தப் பக்கம் நடக்கும். திறப்பை எடுக்கப் போக வேண்டி இருந்தால் நின்றுவிடும். திறப்பை நான் கிணற்றடி மாடத்தில் வைத்திருந்தேன். அவள் சாவாள் என்று எனக்குத் தெரியும். அவள் சாகும்வரை காத்திருந்தேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். இங்கே என்னை அடைத்திருக்கும் அறையின் மூலையில் ஒரு வாளி இருக்கிறது. அதை எடுத்து ஊற்ற ஒருவரும் வரவில்லை. ஈ மொய்க்கிறது. குளிக்க விடவில்லை, மாற்று உடுப்பும் இல்லை. என் உடம்பு மணம் எனக்கே குமட்டுகிறது. எத்தனை தரம் கூப்பிட்டும் வெளியே நிற்கிறவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் குறையாகச் சொல்லவில்லை, ஐயா. உயிருள்ள மனிதனை இப்படிப் போட்டுவிட்டு உங்களால் எப்படிச் சாப்பிட்டுத் தூங்க முடிகிறது என்றுதான் எனக்கு விளங்கவில்லை.