செத்த பிறகு சிரித்தவர்

திருவேற்காட்டிலிருந்து பூந்தமல்லிக்குப் போகும் ஷேர் ஆட்டோவில் என் எதிரே இரண்டு நண்பர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்குப் புதிதாக அடித்த மொட்டை. மற்றவர் கழுத்தில் ஐடி கம்பெனியின் அடையாள அட்டை.

“செத்தப்புறம்தான் மச்சான் எங்கப்பா சிரிச்சாரு” என்றார் மொட்டைக்காரர்.

“இன்னாடா சொல்ற?”

“அவர் சிரிச்ச போட்டோ ஊட்ல ஒண்ணுகூட இல்ல. அஞ்சலி பேனருக்கு ஏஐல குடுத்து தம்பி சிரிக்க வெச்சுட்டான்.”

“தப்புடா. பெத்த அப்பன் மூஞ்சில போயி ஏஐயா?”

“நீ மட்டும் ஆபீஸ்ல கோடிங் பூரா அதுலதான எழுதிகினு கீற?”

“அத கம்ப்யூட்டர்தான படிக்குது. இத உங்கம்மா பாக்கணுமே. இன்னா சொன்னாங்க?”

“ரொம்ப நேரம் பாத்துகினே நின்னுச்சு. ‘இந்த மனுசனோட வாழ்ந்திருக்கலாம்’னுச்சு.”

குமணன்சாவடியில் ஆட்டோ நெரிசலில் நின்றது.

“அதான் காரியம் முடிஞ்சிடுச்சே, பேனர அவுத்துட்டீங்களா?”

“தம்பி காலைல அவுக்கப் போனான். ‘கை வெச்சுதான் பாரேன்’னு அம்மா அதுக்குக் கீழயே சேர் போட்டு ஒக்காந்துகினு கீது.”